எம்பிராய்டரி போடும் பாட்டியை வாட்டர்கலரில் வரைவது எப்படி?

முதியவர்களை வரையத் தொடங்கும் பலரும் முகத்திலேயே முழுக் கவனத்தையும் செலுத்திவிட்டு, கைகளைக் கடைசியில் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். பாட்டி எம்பிராய்டரியில் ஆழ்ந்திருக்கும் காட்சியை வரையும்போது, அவருடைய கைகளுக்கும் முகத்துக்கு இணையான இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1631-இல் தீட்டிய, நூல் வாசிக்கும் மூதாட்டியின் ஓவியத்தில் முகம் நிழலுக்குள் இருக்க, ஏட்டின் மேல் படிந்திருக்கும் சுருக்கம் விழுந்த கையில்தான் வெளிச்சம் விழுகிறது.

முதலில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். மிக அருகில் நின்றால் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் பதிவாகும். கேமராவைப் பார்க்கச் சொல்ல வேண்டாம்.

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கொண்ட தடித்த வாட்டர்கலர் தாளில் எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் வரையுங்கள். கண்கள் தலையின் நடுவில் அமையும் என்ற விதி, குனிந்த தலைக்கு அப்படியே பொருந்தாது: உச்சந்தலை அதிக இடத்தை எடுத்துக்கொள்ள, கண்கள் கீழே இறங்கும், காதுகள் சற்று மேலேறித் தெரியும். விரல்களை நீட்டிய கையின் நீளம் (மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை), மோவாயிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரையிலான நீளத்தை ஒட்டியிருக்கும்.

தோலுக்கு யெல்லோ ஓக்கர் என்ற காவி மஞ்சளையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் நீர்க்கக் கலந்து முதல் பூச்சைக் கொடுங்கள். அது நன்றாக உலர்ந்த பிறகு, அதே கலவையில் சிறிது அல்ட்ராமரைன் என்ற ஆழ்ந்த நீலம் சேர்த்து நிழல்களை இடுங்கள். நரைமுடிக்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டு, இடையிடையே சாம்பல் நிழல் கொடுத்தால் போதும்.

சுருக்கங்களில்தான் பொறுமை வேண்டும். என் பாட்டியை முதன்முதலாக வரைந்தபோது ஒவ்வொரு சுருக்கத்தையும் மெல்லிய கருங்கோடாக இழுத்துவிட்டேன்; அவருடைய கனிந்த முகம் கடுகடுத்துப் போனது. சுருக்கம் என்பது கோடு அல்ல, தோலின் மடிப்பில் விழும் நிழல். ஆகவே நிழலைத் தீட்டியவுடன், அதன் ஒரு விளிம்பை அப்படியே விட்டு, மறு விளிம்பை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். புறங்கை நரம்புகளுக்கும் இதே முறைதான். நீலச் சாயல் இலேசாக இருந்தால் போதும். விரல் கணுக்களில் மட்டும் சற்றுச் சிவப்பைக் கூட்டுங்கள். ஊசியை அழுத்திப் பிடித்திருப்பதால் கட்டைவிரல் நகத்தின் நுனி வெளுத்திருப்பதைக் கவனித்தீர்களா? அந்த வெளிர்ப்பைத் தவறாமல் கொண்டுவாருங்கள்.

ஊசியைத் தீட்ட வேண்டாம். தாள் முற்றிலும் உலர்ந்த பின் பிளேடின் முனையால் மெல்லச் சுரண்டினால் வெண்மையான கீற்று கிடைக்கும். சிவப்பு நூலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, வேறொரு தாளில் நான்கைந்து முறை பழகிய பிறகு, ஊசிக்காதிலிருந்து துணி வரை ஒரே இழுப்பில் வரைந்துவிடுங்கள்.