பழைய இங்கிலாந்து ஃபுட்பால் ப்ளேயரோட கேரியர் டேபிளை எப்படி வாசிக்கணும்

தூத்தூர் கடற்கரையில பந்து தட்டி வளந்த பயலுவகிட்ட, எவர்ட்டன் கிளப் ஃபார்வர்டு டிக்ஸி டீன் 1927-28ல ஒரே சீசன்ல 60 கோல் அடிச்சாருன்னு சொல்லிப் பாருங்க, அந்தக் காலத்துல டிஃபென்டரே கிடையாதுல்லான்னு சிரிப்பானுவ. என் சித்தப்பா மவனும் அப்பிடித்தான். சீசன் வாரியா மேட்சும் கோலும் போட்டிருக்குற டேபிள எப்பிடி வாசிக்கணும்னு அவனுக்கு டீக்கடையில வச்சு சொல்லிக் குடுத்தத இங்க எழுதுதேன்.

மொதல்ல வருசத்தப் பாருங்க மக்கா, 1925க்கு முன்னயா பின்னயான்னு. அந்த வருசந்தான் ஆஃப்சைடு ரூல் மாறுச்சு, எதிராளி கோல் பக்கம் ரொம்ப முன்னேறி நின்னு பாஸ் வாங்குனா தப்புங்குற ரூல். பெஞ்சுல நாலு சிரட்டைய வச்சேன், ஒண்ணு கோலி, ரெண்டு ஃபுல்பேக் (பின்னால நின்னு தடுக்குறவன்), ஒண்ணு ஃபார்வர்டு. பழைய ரூல்படி பாஸ் போடும்போது ஃபார்வர்டுக்கு முன்னால கோலியையும் சேத்து எதிராளி மூணு பேரு நிக்கணும். அப்போ ஒரு பேக் மட்டும் நாலடி ஏறுனா போதும், ஃபார்வர்டு ஆஃப்சைடு, இன்னொரு பேக் பின்னால காவலுக்கு நிப்பான். மூணு ரெண்டா ஆனதும் அந்த வித்தை செத்துப்போச்சு, ரெண்டு பேரும் ஏறணும், தப்புனா பின்னால கோலி மட்டுந்தான். லீக் மொத்தத்துலயும் ஒரு சீசன்ல 4,700ஆ இருந்த கோல் அடுத்த சீசன்ல 6,373 ஆச்சு. இதுவரைக்கும் பய சொன்னதுல கொஞ்சம் ஞாயம் உண்டு.

ஆனா அடுத்தது டிவிஷன் பாக்கணும். டீனுக்கு முந்தின சீசன்ல மிடில்ஸ்பரோவுக்கு ஜார்ஜ் கேம்செல் 59 அடிச்சாரு, அது ரெண்டாம் டிவிஷன், ஒரு படி கீழ. டீன் அடிச்சது மொத டிவிஷன், 39 மேட்ச்ல, கடைசி மேட்ச்ல ஆர்செனல் கூட 60க்கு மூணு வேணும், மூணும் போட்டாரு. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான, அப்போ மத்தவனுவளும் 60 அடிக்க வேண்டியதுதான?

லீக் கோலையும் கப் கோலையும் கலக்காதீங்க, பாதிச் சண்டை இதுலதான் வருது. எவர்ட்டனுக்கு டீன் லீக்ல மட்டும் 399 மேட்ச் 349 கோல், கப்பு மாதிரி மத்த போட்டியையும் சேத்தா 433க்கு 383.

ஒரே கிளப்ல பத்துப் பன்னெண்டு வருசம் இருந்தா உடனே விசுவாசம்னு உருகிடாதீங்க, அந்தக் காலத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் கிளப் விடாம வேற லீக் கிளப்புக்கு போக முடியாம இருந்துச்சு. டீனை டிரான்மியர்ல இருந்து வாங்க எவர்ட்டன் குடுத்தது 3,000 பவுண்ட், ஆனா 1922ல இருந்து ப்ளேயருக்கு சீசன்ல வாரம் 8 பவுண்டுதான் உச்சம், கோடையில 6. நம்ம விசைப்படகுல கூட மீன் கூடுனா பங்கு கூடும், இங்க எத்தன கோல் அடிச்சாலும் சம்பளத்துக்கு அந்த உச்சந்தான்.

கடைசியா, 1939ல ஆடிட்டிருந்தவனோட டேபிள்ல 1939-40னு ஒரு வரி கிடக்கும், மூணே மேட்ச். காயம்னு நெனைக்காதீங்க, யுத்தம் வந்து லீக்கையே நிறுத்திட்டானுவ. அந்த மூணையும் சில டேபிள்ல சேத்திருப்பான், சிலதுல கழிச்சிருப்பான், கணக்கு ஒத்துவரலன்னா மொதல்ல அங்க பாருங்க.