தறிச் சத்தத்தைப் போனில் அளந்த கதை: பதிவான ஒலி எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஆப்

சோமனூர்ப் பக்கம் மாமாவின் தறிக்குடோனில் எட்டு நாடாத் தறி (நூல் சுற்றிய நாடா குறுக்கும் மறுக்கும் பாயும் தறி) ஓடுகிறது. போன மாதம் எல்லாத் தறிக்கும் காலடியில் ரப்பர் பட்டை வைத்தார். "சத்தம் கொறைஞ்சிருக்குதான்னு உன்ற போன்ல பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். ஆண்ட்ராய்டில் சின்னச் சின்ன ஆப் எழுதிப் பழகியவன் என்பதால், ஒரு மணி நேர வேலை என்று நினைத்துச் "சரிங் மாமா" என்றுவிட்டேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தை நீங்களும் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நிறுவுவது, மைக் அனுமதி கேட்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆப் எழுதும் மொழியான கோட்லினின் வரிகளையும் இங்கே ஒட்டவில்லை. கணக்கு பிடிபட்டால் எந்த மொழியிலும் எழுதிவிடலாம்.

படி 1: வேவ் கோப்பாகப் பதியுங்கள்

வேவ் என்பது சுருக்கப்படாத ஒலிக்கோப்பு. ஆண்ட்ராய்டில் பதிய இரண்டு வழி. மீடியா ரெக்கார்டர் எளிது, ஆனால் அது சுருக்கப்பட்ட கோப்பைத் தரும். அதை விரித்த பிறகுதான் அளக்க முடியும். நான் ஆடியோ ரெக்கார்டு வழியாக 16 பிட், ஒற்றைச் சேனல், நொடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள், அதாவது அந்தக் கணத்தில் அலையின் உயரத்தைச் சொல்லும் எண்) என்று நேரடியாகவே எடுக்கிறேன். மெசேஜ் ஆப்பில் வந்த வாய்ஸ் நோட்டை வைத்து அளக்காதீர்கள். அனுப்பும் வழியிலேயே அது மாறியிருக்கும்.

படி 2: கணக்கு

சாதாரண வேவ் கோப்பில் முதல் 44 பைட் தலைப்பு. அதைத் தாண்டினால் இரண்டிரண்டு பைட்டாக ஒவ்வொரு மாதிரியும் இருக்கும், −32768 முதல் 32767 வரை. ஒவ்வொன்றையும் 32768 ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்து, வர்க்கமூலம் காணுங்கள். இதுதான் ஆர்எம்எஸ். அதன் 10 அடிமான மடக்கையை 20 ஆல் பெருக்கினால் டெசிபல். விடை எப்போதும் மைனஸில்தான் வரும், பயப்பட வேண்டாம். கோப்பு தாங்கக்கூடிய உச்சம் 0. அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. அலை பாதியானால் சுமார் 6 குறையும்.

எதைப் பதிந்தாலும், இருமினாலும் சும்மா இருந்தாலும், −5 பக்கமே நிற்கிறதா? பைட் வரிசை தலைகீழாக இருக்கிறது. வேவ் கோப்பில் சிறிய பைட் முதலில் வரும். பைட்களை வாசிக்க உதவும் ஜாவாவின் பைட் பஃபர், நாம் சொல்லாவிட்டால் பெரியது முதலில் என்று எடுத்துக்கொள்ளும். வாசித்தது முழுக்கக் குப்பை, அந்தக் குப்பையின் சராசரிதான் −5.

கணக்கு சரியா என்று பார்க்க நான் நம்புவது ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைத்தான். கம்ப்யூட்டரில் 1000 ஹெர்ட்ஸ் சைன் தொனியை 0.5 அளவில் உருவாக்கி, வேவாகச் சேமித்து, உங்கள் ஆப்புக்குக் கொடுங்கள். −9.03 வர வேண்டும். வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: நான் சறுக்கிய இடம்

எனக்கு −9.03 வந்தது. மகிழ்ச்சியாகக் குடோனுக்குப் போனேன். எட்டுத் தறியும் ஓடும்போது −18. ராத்திரி எல்லாம் நிறுத்திய பிறகு, ஒரு பல்லி கத்தினால் கேட்கும் அமைதியில், −30. மாமா திரையைப் பார்த்துவிட்டு, "தறி நின்னதே உன்ற போனுக்குத் தெரியல போல" என்றார்.

ஒரு வாரம் கணக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கணக்கில் தவறே இல்லை. போன், பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று, மெல்லிய சத்தத்தை ஏற்றியும் பெரிய சத்தத்தை இறக்கியும் பதிந்துகொண்டிருந்தது. பேசுவதற்கு நல்லது, அளப்பதற்கு விஷம். தராசே எடைக்குத் தகுந்தபடி கல்லை மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்!

தீர்வு, பதிவின் மூலத்தை (ஆடியோ சோர்ஸ், மைக் ஒலியை எந்த வகையில் தர வேண்டும் என்று ஆப் கேட்பது) மாற்றுவது. ஆண்ட்ராய்டு 7 முதல் அன்பிராசஸ்டு, அதாவது கை வைக்காத ஒலி, என்று ஒரு மூலம் உண்டு. ஆனால் எல்லாப் போனிலும் கிடையாது, இருக்கிறதா என்று ஆடியோ மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். என் போனில் இல்லை. வாய்ஸ் ரெகக்னிஷன் மூலத்தை வைத்தேன். அதிலும் இந்தத் தானியங்கி ஏற்ற இறக்கம் அணைந்திருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி. மறுபடி அளந்தேன்: ஓடும்போது −19, நின்ற பிறகு −58.

படி 4: எத்தனை நொடிக்கு ஒரு எண்?

நாடாத் தறியின் சத்தம் ஒரே சீராக இருக்காது, அடி அடியாக விழும். பிக்கர் என்ற பாகம் நாடாவை அடிப்பது நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு ஓர் எண் என்று வைத்தால் முள் குதித்துக்கொண்டே இருக்கும். ஒரு நொடி வைத்தால் அமைதியாக நிற்கும். பேச்சுக்கு 125 மில்லி நொடி எனக்குப் பிடித்திருக்கிறது. உச்ச மாதிரியையும் தனியாகக் காட்டுங்கள். 32767 அடிக்கடி வந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது, போனைத் தள்ளி வையுங்கள்.

நொடிக்கு நொடி வந்த டெசிபலைக் கூட்டி வகுத்து மொத்தச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு நொடி −10, அடுத்த நொடி −40 என்றால் சராசரி −25 இல்லை, −13. வர்க்கங்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும், மடக்கை கடைசியில்.

இது நிஜ டெசிபலா?

இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வது காற்றில் உள்ள சத்தத்தை, அதுவும் காதின் உணர்வுக்கேற்ப எடை போட்டு. கோப்பில் உள்ள −19ஐ அதோடு ஒப்பிட முடியாது. ஆண்ட்ராய்டின் வரையறையில் ஒரு பரிந்துரை இருக்கிறது: 1000 ஹெர்ட்ஸில் 90 டெசிபல் சத்தம் வந்தால் 16 பிட் மாதிரிகளின் ஆர்எம்எஸ் 2500 இருக்கட்டும் என்று. அது நம் கணக்கில் −22.35. ஆக, 112 கூட்டினால் தோராயமான நிஜ அளவு கிடைக்கும். பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. போனுக்குப் போன் மாறும். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட இந்த எண்ணை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முன்னே, பின்னே என்று ஒப்பிட இது போதும்.

மாமாவின் ரப்பர் பட்டை? பட்டை வைக்கும் முன் நான் அளக்கவில்லை, படி 3க்கு முந்தைய அளவுகளும் உதவாது. இரண்டு தறிக்கு மட்டும் பட்டையை எடுத்துவிட்டு, அந்த இரண்டை மட்டும் ஓட்டி, போனை அதே ஜன்னல் திட்டில் வைத்து அளந்தோம். அரை டெசிபல் வித்தியாசம். போனை ஒரு சாண் நகர்த்தினாலே அதைவிட அதிகம் மாறுகிறது. "தரை அதிர்றது நின்னிருக்குது, எனக்கு அது போதும்" என்று மாமா பட்டையைத் திரும்ப வைத்துவிட்டார்.

பின்சேர்க்கை: பெருந்துறை நண்பர் ஒருவர், பத்து நிமிடம் பதிந்தால் நடுவில் "மைனஸ் இன்ஃபினிட்டி" வருகிறது என்று எழுதியிருந்தார். திரையை அணைத்துப் போனைப் பையில் போட்டிருக்கிறார். ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிக்குப் போன ஆப்புக்கு மைக் கிடைக்காது, வெறும் பூஜ்யங்கள்தான் வரும். பூஜ்யத்துக்கு மடக்கை எடுத்தால் அப்படித்தான் ஆகும். அறிவிப்போடு ஓடும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸில் பதிவை வையுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால், திரை அணையாமல் இருக்கும்படி வைத்துப் போனைத் திட்டில் மல்லாக்கப் படுக்கப் போடுங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.