காரின் திரைமொழியை மாற்றுதல்: மாட்யூல் நினைவகத்தில் ஒரு பைட்டைத் திருத்தும் முறை

வேறொரு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான காரை வாங்கியவருக்கு, ஸ்பீடோமீட்டருக்கு நடுவிலுள்ள சிறு திரை ஜெர்மனிலோ ஜப்பானியத்திலோ எச்சரிக்கை காட்டுவதும், மெனுவில் மொழியை மாற்ற வழியே இல்லாமல் இருப்பதும் பெரிய இடையூறு. எச்சரிக்கையைப் படிக்க முடியாமல் வண்டி ஓட்டுவது ஆபத்தும்கூட. இதைச் சரிசெய்ய இறங்குவதற்கு முன், அந்த மொழி எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீடோமீட்டரும் அந்தத் திரையும் அடங்கிய மீட்டர் கிளஸ்டருக்குள் பொதுவாக இரண்டு நினைவகங்கள் உண்டு. ஃப்ளாஷ் நினைவகத்தில் மென்பொருளும், ஒவ்வொரு மொழிக்குமான சொற்றொடர் அட்டவணைகளும், எழுத்துருக்களும் இருக்கின்றன. ஈஈப்ராம் என்னும் சிறு நினைவகத்தில் அமைப்புகள் பதிந்திருக்கின்றன. எந்த மொழி என்பதைச் சுட்டும் எண்ணும் பெரும்பாலும் அங்கேதான், ஒற்றை பைட்டாகவோ அதன் ஒரு பகுதியாகவோ இருக்கும். நாம் மாற்றப்போவது அந்த எண்ணை மட்டுமே. ஆகவே வேண்டிய மொழியின் அட்டவணை ஃப்ளாஷில் இல்லையென்றால், எந்த பைட்டைத் திருத்தினாலும் அது திரையில் வராது. அதே பாக எண் கொண்ட கிளஸ்டர் வேறு நாடுகளில் எந்தெந்த மொழிகளுடன் விற்கப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழைக் கொண்டுவர விரும்புவோருக்கும் இதே விடைதான். ‘கொ’ போன்ற எழுத்தில் குறிகளை மெய்க்கு முன்னும் பின்னும் பொருத்திக் காட்டும் வசதி மென்பொருளிலேயே இருக்க வேண்டும். தயாரிப்பாளர் அதைச் சேர்க்காதவரை நினைவகத் திருத்தத்தால் அது கிடைக்காது.

கிளஸ்டரைத் திறக்கும் முன், பழுதறியும் கருவியை இணைப்பதற்கான ஓபிடி போர்ட் வழியாக முயல்வதே சரியான வரிசை. பழைய ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் பலவற்றில், கண்டறியும் மென்பொருளில் 17 என்ற முகவரியிலுள்ள கிளஸ்டருக்குள் சென்று, அடாப்டேஷன் என்னும் அமைப்பு மாற்றும் பகுதியின் சேனல் 4-இல் எண்ணை மாற்றினாலே போதும். அங்கே 1 ஜெர்மன், 2 ஆங்கிலம். புதிய வண்டிகளில் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 14229 என்ற தரத்தின்படி மாட்யூலுடன், அதாவது கிளஸ்டர் போன்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன், பேச வேண்டும். அதில் 22 என்ற சேவை படிப்பதற்கு, 2E எழுதுவதற்கு, 27 பாதுகாப்புப் பூட்டைத் திறப்பதற்கு. மறுப்புப் பதிலில் 33 என்ற குறியீடு வந்தால் பூட்டு திறக்கவில்லை என்று பொருள். 31 வந்தால் நீங்கள் கேட்ட எண் அந்த மாட்யூலுக்கு ஏற்புடையதல்ல என்று பொருள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் பாதி எழுதிய நிலையில் மாட்யூல் நின்றுவிடக்கூடும் என்பதால், பேட்டரியுடன் சார்ஜரை இணைத்துவைத்தே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

ஃபோர்டு வண்டிகளில் தொழிற்சாலை அமைப்புகள் வரிவரியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியின் கடைசி பைட்டும் செக்சம், அதாவது பிழை கண்டறிய உதவும் கூட்டுத்தொகை. கிளஸ்டரின் முகவரி 720. அதன் 01-01 வரியில் 10, 20 என்ற இரண்டு பைட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில், முகவரியின் 07, 20, வரி எண்ணின் 01, 01 ஆகியவற்றைக் கூட்டினால் 29. அத்துடன் 10, 20 சேர்ந்து 59 ஆகும். அந்த 59தான் வரியின் இறுதியில் நிற்கும். 20-ஐ 40 ஆக மாற்றினால் செக்சம் 79 ஆக வேண்டும். மென்பொருளே இதைக் கணக்கிட்டுத் தந்தாலும், ஒருமுறை கையால் கூட்டிப் பார்ப்பது நல்லது. எழுதப்போவது சரியான வரிதான் என்பது அதில் உறுதியாகிவிடும்.

போர்ட் வழி மூடியிருந்தால் மட்டுமே ஈஈப்ராம் ஐசியை (சில்லை) நேரடியாகப் படிக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்து, கிளஸ்டரை வெளியே எடுங்கள். மீட்டர் முட்களைக் கழற்றாமல் பலகையின் பின்பக்கத்தை அடைய முடிந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம்; ஒருமுறை கழற்றிய முள்ளைப் பழைய இடத்தில் துல்லியமாகப் பொருத்துவது கடினம். எட்டுக் கால்கள் கொண்ட ஐசியின் மீது 93, 24 அல்லது 95 எனத் தொடங்கும் எண் இருக்கும். 93சி56 என்றால் 256 பைட்டுகள், 93சி86 அல்லது 24சி16 என்றால் 2048 பைட்டுகள். படித்தெடுத்த கோப்பின் அளவு இதனுடன் பொருந்தவில்லையென்றால் ஐசியைப் படித்து எழுதும் கருவியான புரோகிராமரில் தவறான வகையைத் தேர்ந்திருக்கிறீர்கள். 93 வரிசையில் 8 பிட், 16 பிட் என இரு அமைப்புகள் உண்டு. தவறான அமைப்பில் படித்தால் பைட்டுகள் ஜோடி ஜோடியாக இடம் மாறித் தெரியக்கூடும். மலிவான சிஎச்341ஏ புரோகிராமரின் கறுப்புப் பலகைகள் பலவற்றில், 3.3 வோல்ட் ஐசிக்குக்கூடத் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் செல்கிறது. மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் இணைக்காதீர்கள். ஐசியைக் கழற்றாமல் கிளிப் மாட்டிப் படிக்கும்போது புரோகிராமரின் மின்சாரத்தில் பலகையின் பிரதான ஐசியும் விழித்துக்கொண்டு குறுக்கிடலாம். மூன்று முறை படித்து மூன்று கோப்புகளும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வாவிட்டால் ஐசியைச் சால்டர் நீக்கி எடுத்தே படிக்க வேண்டும். ஒத்துப்போன மூலக் கோப்பை இரண்டு இடங்களில் சேமித்த பிறகுதான் அடுத்த அடி.

பைட்டைக் கண்டுபிடிப்பதில்தான் பொறுமை தேவை. மெனுவில் மொழித் தேர்வு இல்லாவிட்டாலும் கிலோமீட்டர், மைல் போன்ற வேறு தேர்வு இருக்கலாம். வண்டியை ஓட்டாமல் அதை மட்டும் மாற்றி மீண்டும் படித்து, இரு கோப்புகளையும், பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஒப்பிட்டால் அமைப்புகள் இருக்கும் பகுதி தெரியவரும். மொழி பைட் பெரும்பாலும் அதன் அருகில் இருக்கும். அதே பாக எண்ணும் மென்பொருள் பதிப்பும் கொண்ட, வேண்டிய மொழியில் இயங்கும் கிளஸ்டரின் கோப்பு கிடைத்தால் ஒப்பீடு இன்னும் எளிது. ஆனால் அந்தக் கோப்பை முழுமையாக எழுதிவிடக் கூடாது. ஓடோமீட்டர் எண்ணும், பல வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் தரவும் அதே ஈஈப்ராமில் இருப்பதால், பிறர் கோப்பை எழுதினால் இன்ஜினே கிளம்பாமல் போகலாம். ஓடோமீட்டர் எண்ணைத் திருத்துவது பல நாடுகளில் குற்றம். அந்தப் பகுதி எது என்று அறிந்துகொள்வது அதைத் தொடாமல் விடுவதற்காக மட்டுமே. ஒரே அமைப்பு இரண்டு மூன்று பிரதிகளாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றுபோல் மாற்றுங்கள்; அருகில் சேர்ந்து மாறும் பைட் ஒன்று தென்பட்டால் அதைச் செக்சம் என்று கருதிக் கணக்கிட்டுப் பாருங்கள்.

எழுதியபின் மீண்டும் படித்துச் சரிபார்த்து, கிளஸ்டரைப் பொருத்தி, பேட்டரியை இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். ஓடோமீட்டர் பழைய எண்ணையே காட்டுகிறதா, ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து அணைகின்றனவா, எல்லாச் சாவிகளாலும் இன்ஜின் கிளம்புகிறதா என்று பாருங்கள். ஒன்று பிசகினாலும் மூலக் கோப்பைத் திரும்ப எழுதுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சற்று நேரத்தில் மொழி பழையபடி மாறிவிட்டால் கிளஸ்டரை மறுபடி திறக்க வேண்டியதில்லை. புதிய வண்டிகள் சிலவற்றில் நடுத்திரை மாட்யூலே, மாட்யூல்களை இணைக்கும் கேன் பஸ் வழியாக மொழியை அறிவிக்க, கிளஸ்டர் அதைப் பின்பற்றுகிறது. அங்கே அந்த மாட்யூலின் அமைப்பைத்தான் திருத்த வேண்டும்.