ஆர்க் சார்ட்: கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஒரு வேலையில் சேர்ந்த முதல் நாள் ஹெச்.ஆர். கொடுத்த ஆர்க் சார்ட்டில், அதாவது யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று கட்டமும் கோடுமாகக் காட்டும் படத்தில், என் பெயருக்கு மேலே ஒரு மேனேஜரின் பெயர் இருந்தது. முதல் லீவு விண்ணப்பத்தை அவருக்குத்தான் அனுப்பினேன். பதிலே இல்லை. விசாரித்தால், நான் சேர்வதற்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போயிருக்கிறார். சார்ட்டே இல்லாமல் இருந்திருந்தால் பக்கத்து இருக்கையில் கேட்டிருப்பேன். அச்சடித்த காகிதம் கையில் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே முதல் தவறு, சார்ட்டை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுவது. மூலையில் தேதி இருக்க வேண்டும். திருத்துவது யார் வேலை என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆள் போய்விட்டால் கட்டத்தை அழிக்க வேண்டாம். பதவியின் பெயரை விட்டுவைத்து ‘காலி’ என்று போட்டு, இப்போதைக்கு அந்த வேலையைக் கவனிப்பவர் பெயரைக் கீழே எழுதினால் போதும்.

அடுத்தது, வாசிப்பதில் வரும் தவறு. கட்டம் என்றால் ஒரு பதவி. கோடு என்றால் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது: வேலை கொடுப்பது யார், லீவுக்குச் சம்மதிப்பது யார், அப்ரைசல் (வேலை மதிப்பீடு) எழுதுவது யார். அவ்வளவுதான். சம்பளமோ திறமையோ செல்வாக்கோ அதில் கிடையாது. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு கட்டங்கள் சமம் என்றும் அர்த்தமில்லை. ஒன்றின் கீழே நாற்பது பேர் இருக்கலாம், இன்னொன்றின் கீழே இரண்டு பேர். காகிதத்தில் இடம் போதாமல் ஒரு கட்டத்தை அரை அங்குலம் கீழே இறக்கியதற்கு ஒருவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாததை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே இருப்பவரே பெரியவர் என்பது நம் கண்ணின் பழக்கம். நவீன நிறுவனங்களின் முதல் ஆர்க் சார்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1855இல் அமெரிக்காவின் நியூயார்க்–ஈரி ரயில்வேக்காக டேனியல் மெக்கல்லம் தயாரித்தது. அது ஒரு மரம் போல இருக்கும். இயக்குநர் குழுவும் தலைவரும் அடியில் இருப்பார்கள். கிளைகள் மேல்நோக்கி விரியும். 50 மைல் பாதையை ஒரு கண்காணிப்பாளர் நேரில் பார்த்துக்கொள்ளலாம், 500 மைலை அப்படிப் பார்க்க முடியாது என்பதுதான் மெக்கல்லத்தின் பிரச்சினை. எந்த ரயில் எங்கே நிற்கிறது என்ற செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும், அந்தந்த இடத்தில் யார் முடிவெடுக்கலாம் என்பதற்காகப் போட்ட படம் அது. யார் பெரியவர் என்று காட்ட அல்ல.

இதை மறந்தால்தான் ஆளுக்கு ஏற்றபடி கட்டம் போடும் பழக்கம் வருகிறது. பத்து வருடமாக இருப்பவருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும், ஆகவே ‘சிறப்புத் திட்டங்கள்’ என்றொரு பதவி, அவருக்குக் கீழே ஒரே ஒருவர். மரியாதை கிடைத்தது, சரி. ஆனால் அந்தக் கீழ் ஆளின் ஒவ்வொரு கேள்வியும் இனி ஒரு மேசை கூடுதலாக ஏறி இறங்கும். மரியாதையைச் சம்பளத்தில் காட்டுங்கள், கோட்டில் வேண்டாம்.

நேர்மாறான தவறும் உண்டு: எல்லாக் கோடுகளும் நிறுவனரிடமே போய் முடிவது. 1933இல் கிரைகுனாஸ் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு மேலாளரின் கீழ் 4 பேர் இருந்தால், மேலாளர் அவர்களோடு தனித்தனியாகவும் கூட்டாகவும், அவர்கள் தங்களுக்குள்ளும் என்று சேர்த்து 44 உறவுகள் உண்டாகலாம். 5 பேர் என்றால் 100. 6 பேர் என்றால் 222. அத்தனையும் தினமும் நடக்காதுதான், ஆறு பேர் என்பது சட்டமும் இல்லை. ஒரே மாதிரி வேலை செய்யும் பதினைந்து பேரை ஒருவர் சமாளிக்கலாம். பதினைந்து வெவ்வேறு துறைத் தலைவர்களை முடியாது.

அதிகத் தொல்லை தருவது புள்ளிக்கோடு, அதாவது நேரடி மேலதிகாரியைத் தவிர இன்னொருவருக்கும் ஓரளவு பதில் சொல்ல வேண்டும் என்று காட்டும் கோடு. தொழிற்சாலையில் ஒரு கணக்காளர். முழுக்கோடு ஆலைத் தலைவருக்கு, புள்ளிக்கோடு தலைமை அலுவலக நிதித் தலைவருக்கு. மாதக் கடைசியில் இருவரும் ஒரே நாளில் வேலை கேட்கிறார்கள். யாருடையது முதலில்? படத்தில் பதில் இல்லை. அன்று யார் குரல் உயர்ந்ததோ அவர் வேலை நடக்கும். ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி ஃபயோல் 1916லேயே எழுதினார். இன்றைய நிறுவனங்களில் அது எப்போதும் முடிவதில்லை. முடியாதபோது புள்ளிக்கோட்டின் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ‘கணக்கு முறைகளில் மட்டும் வழிகாட்டுவார்’, ‘அப்ரைசலில் இவர் கருத்தும் கேட்கப்படும்’. அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தால்தான், இருவரும் இதுவரை வேறு வேறாகப் புரிந்துவைத்திருந்தது வெளியே வரும்.

சார்ட்டில் கோடு இல்லாத இடத்தில் பேசவே கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதே ஃபயோல், வெவ்வேறு துறையில் ஒரே மட்டத்தில் இருக்கும் இருவர், மேலதிகாரிகளின் சம்மதத்தோடு நேராகப் பேசிக்கொள்ள வழி வைத்தார்.

கடைசியாக, படத்தை மாற்றியதும் நிறுவனமே மாறிவிட்டதாக நினைப்பது. திங்கட்கிழமை புது சார்ட் வருகிறது. செலவு பில்களுக்கு ஒப்புதல் தரும் மென்பொருளில் பழைய மேனேஜர் பெயரே இருக்கிறது. அவர் தன் டீமில் இல்லாதவரின் பில்லைப் பார்த்து, ‘எனக்கேன் வந்தது?’ என்று ஒதுக்கி வைக்கிறார். சார்ட்டை எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு லீவு விண்ணப்பம், ஒரு செலவு பில், ஒரு வாடிக்கையாளர் புகார் மூன்றையும் எடுத்து, புதுக் கோட்டின்மேல் விரல் வைத்து, கடைசிக் கையெழுத்து வரை நடத்திப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே கோடு இன்னும் முடிவாகவில்லை.