பென்சிலுக்கு முன்னால்: எல்லைப்புற எல்.கே.ஜி. வகுப்பில் எழுத்தும் எண்ணும்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், எல்.கே.ஜி. போனால் ஆங்கிலமும் என்று நாலு வயதுப் பிள்ளைக்கு மூன்று மொழி வந்து சேர்கிறது. காதுக்கு அது பாரமில்லை, விளையாட்டிலேயே பிடித்துக்கொள்ளும். கைக்குத்தான் பாரம். பேச்சும் பாட்டும் மூன்றிலும் நடக்கட்டும், எழுத்தை மட்டும் ஒரு மொழியில் தொடங்குங்கள். அது ஓரளவு படிந்தபிறகு அடுத்தது.

ஜூனில் பள்ளி திறந்ததும் பென்சிலை எடுக்க வேண்டாம். முதல் இரண்டு மாதம் விரலுக்குத்தான் வேலை. விஜயதசமியன்று அரிசியில் கையைப் பிடித்து எழுத வைப்பது நல்ல சடங்கு. ஆனால் அப்போது எழுதுவது பெரியவரின் கை, பிள்ளையின் கை அல்ல.

பிசைய மாவு வேண்டும். மைதா 2 கப், பொடியுப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப், எண்ணெய் 1 ஸ்பூன். கையில் ஒட்டினால் ஒரு பிடி மாவு, வெடித்தால் கொஞ்சம் தண்ணீர். உருட்டுவது, கிள்ளுவது, பாம்பு மாதிரி நீட்டிச் சுருட்டுவது எல்லாம் பின்னால் சுழி போடும் விரல்களுக்கான பயிற்சி. உப்பு அதிகம் என்பதால் வாயில் போடாமல் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அதே உப்பு ஈரத்தை இழுத்து மாவைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

முழுச் சாக்பீஸ் கொடுத்தால் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும். ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுத்தால் முஷ்டிக்கு இடமில்லை, மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். பிடி திருத்த இதைவிட மலிவான வழி கிடையாது. பலகையைப் பிள்ளையின் கண் உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். நின்றபடி வரையும்போது தோளும் மணிக்கட்டும் உறுதிப்படும்.

இனி எழுத்து. வாய்க்கு அகரவரிசை, கைக்கு வேறு வரிசை. ‘அ’ எழுதச் சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே போக வேண்டும், கடைசியில் நேராக இறக்க வேண்டும். புதிய கைக்கு இது அதிகம். ‘இ’ இன்னும் மோசம். ‘ட’வில் தொடங்குங்கள்: மேலிருந்து கீழே, அங்கிருந்து வலப்பக்கம். அதை மேலே தூக்கினால் ‘ப’. அதன் வலது முனையை உள்ளே வளைத்து இறக்கினால் ‘ம’. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கைவந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசிக்கவே ஆரம்பித்துவிடலாம். பன்னிரண்டு உயிரெழுத்தையும் எழுதி முடித்த பிள்ளைக்குக்கூட இந்தச் சந்தோஷம் கிடைப்பதில்லை.

முதலில் ரவைத் தட்டு. எவர்சில்வர் தாம்பாளத்தில் ரவையை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். விரல் போன இடத்தில் தட்டின் அடி பளிச்சென்று தெரிய வேண்டும். கனமாகப் போட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும். அடுத்து சிலேட்டு, பிறகே நோட்டு. ஒரு அமர்வு பத்து நிமிடம் போதும்.

அடிக்கடி வரும் பிழை, கீழிருந்து மேலே எழுதுவது. முடிந்த எழுத்தைப் பார்த்தால் சரியாகவே தெரியும் என்பதால் பலர் கவனிப்பதில்லை. இதுவே பழகினால் பிறகு வேகம் வராது. தொடங்கும் இடத்தில் பச்சைப் புள்ளி வையுங்கள், எழுதும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். எழுத்தை இடவலம் புரட்டிப் போடுவது இந்த வயதில் சகஜம், அதற்குத் திட்ட வேண்டியதில்லை. மலையாளம் எழுதிப் பழகிய பிள்ளை ‘ப’வின் மூலையை வட்டமாக்கும், ஏனென்றால் அங்கே வளைவுகளே அதிகம். மூலையில் ஒரு நொடி நின்று திரும்பச் சொன்னால் சரியாகும். ‘உ’ இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே வடிவம்; அது இலவசம்.

தண்ணீர், பாத்ரூம், வயிற்றுவலி இவற்றைச் சொல்ல மட்டும் முதல் வாரத்திலேயே மலையாளமும் கற்றுக்கொடுங்கள். ஆயாவுக்குப் புரியாமல் போனால் பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும்.

எண்ணில் சிரமம் குறைவு. நாலு, ஆறு, ஏழு, எட்டு, பத்து இரண்டு மொழியிலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் பத்து வரை ஒப்பிப்பது எண்ணத் தெரிந்ததாகாது. பத்துப் புளியங்கொட்டையை வைத்து, “நாலு எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். ஒரு கை அள்ளிக் கொடுத்தால் இன்னும் வரவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை என்று சிரட்டையில் போட்டு எண்ணச் சொல்லுங்கள். முடிந்ததும், “மொத்தம் எத்தனை?” மறுபடி முதலிலிருந்து எண்ணினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம், ஐந்துக்குள் நிறுத்திப் பழக்குங்கள்.

கொட்டை எதுவானாலும் மூக்கிலும் வாயிலும் போகக்கூடியது, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். முழுச் சிவப்பான மஞ்சாடியையும், கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள். குன்றிமணி கடுமையான நஞ்சு, உடைத்து மென்றால் உயிருக்கே ஆபத்து. வகுப்பறைக்குள் அது வரவே கூடாது.