கரு ஸ்கான்: கிழமைக்கு ஏற்ப அளவை வளைக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஸ்கான் பழக வரும் இளம் வைத்தியர்களின் பக்கத்தில் நிற்கும்போது, நாங்கள் பழகின காலத்துப் பிழைகளையே திரும்பக் காண்கிறேன். ஜெல் போதாமை, படத்தைப் பெரிதாக்காமை எல்லாம் தானாகத் திருந்திவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

திரையில் வரும் கிழமையைப் பார்த்துக் கோடு இழுப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். திரையில் அளவெடுக்கும் குறியான காலிப்பரை வைத்ததுமே, அந்த அளவு இத்தனை கிழமைக் (வாரக்) கருவுக்குரியது என்று மெஷின் காட்டிவிடும். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்த ஒரு தாய்க்கு 33 கிழமை. ஸ்கான் செய்த தம்பிக்குப் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு 30 கிழமைக்குத்தான் வந்தது. தன் கைப்பிழை என்று நினைத்து வயிற்றைச் சுற்றி இழுத்த நீள்வட்டத்தை அகட்டினார், 31. இன்னும் கொஞ்சம், 32. "இப்ப சரி" என்று கொப்பியை எடுத்தார். நான் புரோப்பை (தாயின் வயிற்றில் வைக்கும் ஸ்கான் கருவியை) வாங்கி, கிழமை தெரியும் இடத்தை மூடிவிட்டுத் திரும்பத் திரும்ப அளந்தேன். 30ஐ விட்டு நகரவில்லை. தொப்புள்கொடி இரத்தோட்டத்திலும் தடை கூடியிருந்தது. அந்த 32ஐ நம்பி அந்தத் தாயைத் திருப்பிப் படகேற்றியிருப்போம்.

போஷாக்குக் குறைந்தால் பிள்ளை மூளைக்கே இரத்தத்தை ஒதுக்கும். ஈரலின் சேமிப்பும் தோலடிக் கொழுப்பும் கரையும். அதனால் தலை கிழமைக்குச் சரியாக இருக்கும்போதே வயிறு பிந்திவிடும். மண்டையோட்டைப்போலத் தெளிவான விளிம்பும் வயிற்றுக்கு இல்லை. கைக்குக் கை அதிகம் மாறும் அளவு இது. அளவுகளிலிருந்து பிள்ளையின் நிறையைக் கணிக்கும் ஹாட்லொக் சூத்திரத்தில் நிறையைக் கூட்டிக் குறைப்பதிலும் இதற்குப் பெரிய பங்கு.

வயிற்றின் குறுக்குவெட்டு வட்டமாக, இரைப்பையும் ஈரலுக்குள் தொப்புள் நாளத்தின் சிறு துண்டும் தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரியக் கூடாது. கோடு தோலின் வெளிவிளிம்பில். வெட்டு சரிவராவிட்டால் கை தேர்ந்தவர் அளக்கமாட்டார். தாயைச் சரித்துப் படுக்கவைத்துக் காத்திருப்பார். வெட்டு சரி என்றால், வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள்.

புரோப்பை அழுத்துவது

பிள்ளையின் வயிறு நசியும். கையைத் தளர்த்துங்கள்.

தொடை எலும்பைச் சரிவாக அளப்பது

குறைவாக வரும். கிடையாக எடுங்கள்.

பிந்திய ஸ்கானை வைத்துப் பிரசவத் திகதியை மாற்றுவது

11 முதல் 14 கிழமைக்குள் தலை–பிட்ட நீளத்தால் திகதி குறித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். மாற்றினால், வளராத பிள்ளை கிழமை குறைந்த பிள்ளையாகக் கணக்கில் மறைந்துவிடும்.

நிறையை முடிந்த முடிவாகச் சொல்வது

நல்ல கையிலும் 10–15 சதவீதம் முன்பின் வரலாம். 3 கிலோ என்றால் 300 முதல் 450 கிராம். இதைத் தாய்க்கும் விளங்கச் சொல்லுங்கள். வளர்ச்சியை மறுபடி அளக்க இரண்டு கிழமையாவது விடுங்கள். அதற்குள் அளந்தால் கைப்பிழையையும் வளர்ச்சியையும் பிரித்தறிய முடியாது. இரத்தோட்டத்தில் சந்தேகம் என்றால் மட்டும் அத்தனை நாள் காத்திருக்காதீர்கள்.