தனிய இருக்கிற அம்மாவின் வீட்டை விற்பனை நெருக்கடியிலிருந்து காப்பது

பிள்ளைகள் வெளிநாட்டில். அம்மா இலங்கையில் தனிய. தரகர் திரும்பத் திரும்பப் படலையைத் தட்டுகிறார் என்றால் முதலில் வீட்டின் மூல உறுதியை (காணிப் பத்திரத்தை) பத்திரப்படுத்துங்கள். அதை வங்கிப் பெட்டகத்தில் வைத்து, வீட்டில் பிரதி மட்டும் வையுங்கள்.

அடுத்தது, காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்ப்பது. அம்மா அறியாத ஈடோ (அடமானமோ) நன்கொடை உறுதியோ பதிவாகியிருந்தால் அதில் தெரியும். அங்கேயே கேவியற்றும் (எச்சரிக்கைப் பதிவும்) பதியலாம். அது விற்பனையைத் தடுக்காது. அந்தக் காணிக்கு ஏதும் உறுதி பதிவுக்கு வந்தால் அறிவித்தல் வரும்.

“வாக்குக் குடுத்திட்டியள், இனி மாறேலாது” என்று வெருட்டுவார்கள். பயப்பட வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் (உறுதி முடிக்கும் அதிகாரம் பெற்றவர்) இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க ஒப்பமிட்ட எழுத்தில்லாமல் காணி கைமாறாது. ஆனாலும் அச்சவாரம் (முற்பணம்) வாங்கக்கூடாது. வழக்குக்கு அதுவே வழி. வெற்றுத்தாளில் கையெழுத்து ஒருபோதும் வேண்டாம்.

தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட பெண்ணின் கணவர் உயிரோடிருந்தால், விற்க அவருடைய எழுத்துச் சம்மதமும் தேவை. அதே சட்டப்படி, பங்குக் காணியென்றால் மற்றப் பங்காளருக்கு முன்கொள்வனவு உரிமை (பிறருக்கு முன் வாங்கும் உரிமை) உண்டு.

பெரும்பாலும் நெருக்குவது சொந்தக்காரர்தான். பிள்ளைக்கு எழுதியே ஆகவேண்டுமென்றால் சீவிய உருத்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) அம்மாவுக்கே வைத்து எழுதுங்கள். அற்றோர்னித் தத்துவத்தில் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) “விற்க” என்ற சொல் இருக்கிறதா என்று வரிவரியாக வாசியுங்கள். நொத்தாரிசை அம்மாவே தெரியட்டும், வாங்குபவர் கூட்டிவருபவர் வேண்டாம். காசில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம்.